பிரிதடம்

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் கொம்யூட்டர் ரயில் புறப்பட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். காலடியில் ஒரு தடதடப்பு எழுந்து அடங்கும். பெட்டியின் முன்பாதி ஒரு பக்கமாக ஒதுங்க, பின்பாதி அதன் பின்னால் ஒதுங்கும். கைப்பேசியிலிருந்து யாரும் தலை நிமிர்வதில்லை. சிரம்பான், கிம்மாஸ் என்று தெற்கே நீளும் பெரிய பாதையும், அப்துல்லா ஹுக்கும், பெட்டாலிங், பத்து தீகா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் போகும் பாதையும் பிரிக்பீல்ட்ஸுக்குத் தெற்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடம் அது. சில காலமாக நான் கணினியில் வரைந்துகொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். வரைந்து, தாளில் அச்செடுத்து, அந்தத் தாளின்மேல் 87-இல் ஒரு பங்கு அளவில் தண்டவாளம் பதித்து, மாதிரி ரயில் ஓட்டப்போகிறேன்.

இரண்டு பாதைகளில் கிள்ளான் பாதைதான் மூத்தது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பர் 15-இல், சிலாங்கூரின் முதல் ரயில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிக் கிள்ளான் ஆற்றைத் தாண்டாமல் புக்கிட் கூடாவோடு நின்றது. ஆற்றில் பாலம் எழுந்து அது கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது 1890-இல். துறைமுகம் 1901-இல்தான் வந்தது. எல்லாமே மீட்டர் கேஜ்: இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். இன்றும் மலாயா ரயில்வேயான கே.டி.எம். ஓடுவது அதே அகலத்தில்தான். தென்பாதை பிறகு வந்தது. ஏற்கெனவே இருக்கும் தடத்தின் வயிற்றைத் திறந்து இன்னொரு தடத்தைப் பிரித்தெடுக்க வேண்டிவந்தபோது அங்கே பாயிண்ட் வந்தது.

பாயிண்ட் என்று ஒரே சொல்லில் ரயில்காரர்கள் சொல்லிவிடும் அந்த அமைப்பை வரைய உட்காரும்வரை, அதை ஒரு புள்ளி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது இருபது முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டுமானம். ஒரு முனையில் கூராகச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள். நெம்புகோலை இழுத்தால் ஒரு நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும், மற்றது விலகும். அங்கிருந்து வளைந்து செல்லும் தண்டவாளம், நேர்த்தடத்தின் தண்டவாளம் ஒன்றை வெட்டிக் கடக்கும் இடம் கிராசிங். அதன் கூர்முனைக்கு மூக்கு என்று பெயர். மூக்கின் முன்னால் சக்கரத்தின் விளிம்பு கடந்துபோக ஒரு இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரம் வழிதவறி மூக்கில் மோதாமலிருக்க, எதிர்த் தண்டவாளத்தின் உட்பக்கம் ஒரு காவல் தண்டவாளம் நின்று மறு சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடியில் மரக்கட்டைகள். நாக்கின் அருகே சாதாரண நீளத்தில் தொடங்கி, தடங்கள் விலக விலகக் கட்டைகளும் நீள்கின்றன. இரண்டு தடத்தையும் ஒரே கட்டை தாங்கமுடியாத தூரம் வந்ததும் தனித்தனிக் கட்டைகளாகப் பிரிகின்றன. பாயிண்டின் உண்மையான முடிவு அதுதான்.

மாதிரி ரயில் பாதை வரைவதற்கு மென்பொருட்கள் பல உண்டு. எனிரெயில், ஸ்கார்ம் போன்றவற்றில் கடையில் கிடைக்கும் தண்டவாளத் துண்டுகளின் பட்டியல் தயாராக இருக்கும். எடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். வேகமான வழி. ஆனால் அப்படி வரையும்போது பாதைக்கு ஏற்ற பாயிண்ட் கிடைப்பதில்லை. கிடைத்த பாயிண்டுக்கு ஏற்பப் பாதை முறிந்து முறிந்து போகும். நேராக ஒரு துண்டு, சட்டென்று ஒரு வளைவு, மறுபடி நேர். அசல் ரயில் பாதையை விமானப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்குமே அது அப்படி உடைந்து திரும்புவதில்லை.

நான் பயன்படுத்துவது டெம்ப்ளாட். இங்கிலாந்தில் மார்ட்டின் வின் உருவாக்கிய இந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் கடைச்சரக்கு இல்லை. கேஜ் எவ்வளவு, அளவு விகிதம் என்ன, நாக்கு எவ்வளவு நீளம், கிராசிங்கின் கோணம் என்ன என்று அது கேட்கும். நீங்கள் சொல்லும் விடையிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத்தின் இரு விளிம்பும் ஒவ்வொரு கட்டையும் கணக்கிட்டு வரையப்படும். பழைய நில வரைபடத்தையோ விமானப் படத்தையோ பின்புலமாக விரித்து, அதன்மேல் தடத்தைப் படிய வைக்கலாம். சுட்டியால் பிடித்து இழுத்தால் முழுப் பாயிண்டும் வளையும். நாக்கு, மூக்கு, காவல் தண்டவாளம், கட்டை எல்லாம் தத்தம் முறை பிசகாமல் சேர்ந்து வளையும். முடிந்ததும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஏ4 தாள்களை ஒட்டினால் மேசைமேல் கிடப்பது அதே அளவில் ஒரு பாதை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தாள் விரிவடையும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மழை நாளில் அச்செடுத்த தாளும் ஏர்கோன் அறையில் அச்செடுத்த தாளும் ஒன்றோடொன்று சேரும்போது கோடுகள் இசைவதில்லை. எல்லாத் தாளையும் ஒரே வேளையில் அச்செடுத்து ஒரே வேளையில் ஒட்டிவிடுவது நல்லது.

மென்பொருளைத் திறந்தவுடன் திரையில் தெரிவது பிரிட்டிஷ் ரயில். கேஜ் அவர்களுடையது, எட்டரை அடிக் கட்டையும் அவர்களுடையதே. அங்கே பிறந்த மென்பொருள், அங்குள்ள பாதைகளுக்காக எழுதப்பட்டது. அதில் குறை ஒன்றுமில்லை. நாம்தான் அதை ஒவ்வொரு எண்ணாக மாற்றி மலாயாவுக்குக் கொண்டுவர வேண்டும். 1435 மில்லிமீட்டரை அழித்து 1000 என்று எழுத வேண்டும். கட்டையைக் குறுக்க வேண்டும். இந்திய மீட்டர் கேஜின் பாடநூல் அளவு 1.83 மீட்டர், பிரிட்டிஷ் கட்டை ஏறத்தாழ 2.6 மீட்டர். குறுகிய தடம், குட்டையான கட்டை, நெருக்கமான வளைவு என்று நம் பாதையின் உடல்வாகு திரையில் மெல்ல எழுந்து வரும்போது, இத்தனை காலம் பயணம் செய்த பாதையை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

மீட்டர் கேஜில் ஓர் அழகு உண்டு. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ரயில்வே பாடத்தில் சொல்லித்தரும் எளிய வாய்பாடு ஒன்று: நாக்கின் முனையிலிருந்து மூக்கு வரை உள்ள தூரம், கேஜையும் கிராசிங் எண்ணையும் பெருக்கி இரட்டித்தால் வரும். கிராசிங் எண் என்பது, எத்தனை அடி முன்னே போனால் தடம் ஓரடி விலகுகிறது என்பதைக் குறிக்கும். கேஜ் 1 மீட்டர் என்பதால் பெருக்கலே தேவையில்லை. 12-இல் 1 கிராசிங் என்றால் 24 மீட்டர். எட்டரையில் 1 என்றால் 17 மீட்டர். வளைவின் ஆரத்துக்குக் கிராசிங் எண்ணை வர்க்கமாக்கி இரட்டித்து, கேஜில் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும், 12-க்கு 289.5 மீட்டர், எட்டரைக்கு 146 மீட்டர். பல தடங்கள் சேர்ந்து விரியும் ஒரு ரயில் யார்டை மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். இதே 12-இல் 1 கிராசிங்குக்கு ஐரோப்பிய அகலத்தில் 34 மீட்டருக்கு மேல் நீளமும், 400 மீட்டரைத் தாண்டிய ஆரமும் வேண்டும். ஆற்றுக்கும் மேட்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த பிரிக்பீல்ட்ஸ் யார்டில் அத்தனை தடங்களை அருகருகே விரிக்க முடிந்ததற்கு இந்தக் குறுகிய கேஜ் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

87-ஆல் வகுத்தால் 24 மீட்டர் மேசைமேல் 276 மில்லிமீட்டர் ஆகிறது; 289.5 மீட்டர் ஆரம் மூன்று மீட்டர் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். கடையில் விற்கும் பாயிண்டுகள் இதைவிட மிகக் கடுமையாக வளைபவை. வீட்டில் இடமில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டவை. கேஜிலும் ஒரு சிக்கல் உண்டு. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். உலகச் சந்தையில் மீட்டர் கேஜ் மாதிரிக்கு வகுத்திருப்பது 12. அரை மில்லிமீட்டர்தான், அசலில் அது நாற்பது மில்லிமீட்டருக்கு மேல். பதினொன்றரை என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம், அது மறுக்காது; ஆனால் வாங்கும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் கழற்றி உள்ளே தள்ள வேண்டும். நான் 12-ஐ எடுத்துக்கொண்டேன். வளைவின் நளினமும் கட்டைகளின் அடுக்கும் சரியாக இருந்தால் அந்த அரை மில்லிமீட்டரைக் கண் மன்னித்துவிடும் என்பது என் தீர்மானம்.

பிரிக்பீல்ட்ஸ் பிரிவை வரையும்போதுதான் டெம்ப்ளாட்டின் அருமை தெரிந்தது. பாடநூல் பாயிண்டில் ஒரு தடம் நேராகப் போகும், மற்றது விலகும். நேர்த்தடம் முதன்மை, விலகுவது கிளை. இங்கே அப்படி இல்லை. தெற்கு நோக்கி வரும்போது சிரம்பான் தடம் இடப்பக்கம் சாய்கிறது, கிள்ளான் தடம் வலப்பக்கம் சாய்கிறது. இரண்டுமே வளைகின்றன. வளைவுகளைக் கூட்டிக்கழிக்க ஒரு முறை இருக்கிறது: ஆரத்தின் தலைகீழ் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முதன்மைத் தடம் 500 மீட்டர் ஆரத்தில் வளைய, 290 மீட்டர்ப் பாயிண்ட் அதே பக்கம் பிரிந்தால் கிளையின் ஆரம் 184 மீட்டராக இறுகிவிடும். எதிர்ப்பக்கம் பிரிந்தால் 690 மீட்டராக இளகும். இரண்டு தடமும் வளைவைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஏறத்தாழ 580 மீட்டர். ஒரு பக்கமே சுமந்திருக்க வேண்டிய வளைவு பாதிப்பாதியாகிறது. எது முதன்மை, எது கிளை என்ற கேள்வி அந்த வடிவத்தில் எழுவதே இல்லை. கிள்ளானில் வளர்ந்தவன் என்பதால் இது எனக்கு நிறைவாக இருக்கிறது. தலைநகரிலிருந்து போகும் ஒரு கிளை என்றே எங்கள் பாதையை எல்லோரும் பேசுகிறார்கள். தலைநகருக்கு ரயில் தந்ததே அந்தப் பாதைதான்.

செந்தூலில் வேலை பார்த்து, தண்டவாள கேங்கில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் அச்செடுத்த தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாக்கிலிருந்து மூக்கு வரை விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் கிராசிங்கில் நிறுத்திக்கொண்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மூக்குக்குக் கீழ எத்தன தடவ கல்லு அடிச்சிருப்போம் தெரியுமா? சக்கரம் இங்கதான குதிக்கும். அடிச்சு ஏத்துவோம், மழ பேஞ்சா திரும்பவும் உக்காந்துரும். திரும்பவும் அடிக்கணும்.”

“வெயில்லயா அங்கிள்?”

“வெயிலு, மழ, எல்லாந்தான். ரயிலு நிக்குமா?”

அவர் சொன்னது பாயிண்டின் இயல்பு. மூக்கின் முன்னே விட்ட இடைவெளியின் அகலம் அசலில் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். ஒவ்வொரு சக்கரமும் அதைத் தாண்டும்போது ஒரு கணம் தாங்கல் குறைந்து, மூக்கின்மேல் இறங்குகிறது. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் இறங்க இறங்க அடியிலுள்ள சரளைக் கல் நொறுங்கி நகரும், கட்டை தொங்கும், அடுத்த சக்கரம் இன்னும் பலமாக இறங்கும். வேறெங்கும் காட்டிலும் அந்த ஓரிரு மீட்டரில்தான் பாதை விரைவாகக் கெடும். அதனால் ஆட்கள் மீண்டும் மீண்டும் கூடி நின்றதும் அங்கேதான். மாதிரியில் 44 மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஆனால் சந்தைச் சக்கரங்களின் விளிம்பு தடிமனானதால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட வேண்டியிருக்கிறது. அதாவது மாதிரி ரயில் அசலைவிட மோசமாக அங்கே குதிக்கும். இந்தத் தாவல் எங்கே, எவ்வளவு என்று மென்பொருள் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. அதன் அடியில் கல் அடித்த கைகளைக் காட்டும் கட்டளை எந்த மென்பொருளிலும் கிடையாது.

மலாயா ரயிலைப் பற்றி நாம் தமிழில் பேசிக்கொள்வது பெரும்பாலும் நிலையத்தைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் அமர்ந்தார்கள், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார்கள், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினார்கள். அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், நினைவுகளை விட்டுச்சென்றவர்கள், புகைப்படத்தில் கோட்டுடன் நிற்பவர்கள். அந்த வரலாறு மதிக்கத்தக்கது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்து கேங்கில் சேர்ந்து, சரளை அடித்து, கட்டை மாற்றி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, நெம்புகோல் இழுத்தவர்களுக்குப் படமும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் வரிசையாக நின்ற நூறு குவாட்டர்ஸ் வீடுகளை இடித்தபோது நாம் வருந்தினோம், வருந்தத்தான் வேண்டும். ஆனால் அந்த வீடுகளில் இடம் கிடைக்காதவர்களின் வேலைத்தலம் அதற்கு முன்பே மறைந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் யார்டு இருந்த நிலத்தில்தான் 2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறந்தது. அந்தத் தடங்களுக்காக யாரும் அஞ்சலிக் கட்டுரை எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

யார்டின் மதிப்பைப் போர்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு தடத்தின் நடுவில் குண்டு விழுந்தால் ஒரு தடம் போகும். பாயிண்டுகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் யார்டின் தொண்டையில் விழுந்தால் எல்லாத் தடமும் போகும். 1945 மார்ச் 10-இல் நேச நாட்டு பி-29 விமானங்கள் பிரிக்பீல்ட்ஸ் யார்டைக் குறிவைத்து வந்தன. குண்டுகளில் சில அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் விழுந்தன. இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான். அதற்கு முன்பே கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்தெடுத்து சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தண்டவாளத்தின் பின்னாலேயே தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர், திரும்பாதவர்கள் மிகப் பலர். கேட்பதற்கு ஆளில்லாத கைகள் என்பதற்காக. இதை எழுதும்போது என் மாதிரி ரயில் மிகச் சிறியதாகத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த உழைப்பை அங்குலம் அங்குலமாக நினைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான். ஒரு பாயிண்டின் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதி, அவற்றைக் கெம்பாஸ் மரத்தில் அறுத்துத் தோளில் சுமந்து வந்து இறக்க எத்தனை ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தால், ‘தமிழர்கள் ரயில் பாதை போட்டார்கள்’ என்று மேடைகளில் உதிரும் வாக்கியத்துக்கு எடை வருகிறது.

அம்பாங் கிளையையும் இதே கோப்பில் வரைந்து வைத்திருக்கிறேன். சுல்தான் ஸ்ட்ரீட், பூடு வழியாக ஓடிய பழைய மீட்டர் கேஜ் பாதை அது. 1996-இல் அதே வழியில் எல்.ஆர்.டி. ஓடத் தொடங்கியது, 1435 மில்லிமீட்டர் அகலத்தில். பழைய கோட்டின்மேல் புதிய கேஜை வைத்துப் பார்த்தால் மையக்கோடு ஒன்றாகவும் தண்டவாளங்கள் இரு பக்கமும் சற்றே வெளியே தள்ளியும் கிடக்கின்றன. பத்துமலைக் கிளைக்கு வேறு கதை. கற்சுரங்கத்துக்காகப் போட்ட பாதை, கேஜ் மாறாமலே 2010-இல் மின்சார ரயில் பெற்று, தைப்பூசத்தன்று கூட்டத்தைச் சுமக்கிறது.

எந்தக் காலத்து பிரிக்பீல்ட்ஸை மேசைமேல் கட்டுவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. 1957-ஐ ஒட்டிய ஆண்டுகள். அந்த ஆண்டுதான் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கட்டிய 20-ஆம் வகை டீசல் எஞ்சின்கள் வந்தன. நீராவி எஞ்சின்களும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. தலைக்குமேல் மின்கம்பி கிடையாது. கொம்யூட்டருக்காக அது வந்தது தொண்ணூறுகளில்.

மாதிரி ரயில் கட்டுபவர்கள் வழக்கமாக நிலையத்தை முன்னால் வைப்பார்கள். கோலாலம்பூர் என்றால் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1910-இல் எழுந்த வெள்ளை நிலையம்தான் எல்லோர் மனத்திலும் எழும். தண்டவாளத் தொழிலாளர்கள் பின்புறம் எங்காவது அலங்காரமாக நிற்பார்கள், கூடையும் கடப்பாரையுமாக. நான் மேசையின் முன்விளிம்பில், பார்ப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் கிராசிங்கை வைக்கிறேன். 87-இல் ஒரு பங்கு அளவில் ஓர் ஆள் 19 மில்லிமீட்டர் உயரம். மூக்கைச் சுற்றி எட்டுப் பேர் நிற்க இடம் இருக்கிறது. அவர்களைச் செய்துகொண்டிருக்கிறேன். கல் அடிக்கும்போது காலை எப்படி ஊன்றுவது, இரண்டு இரண்டு பேராகக் கட்டையின் எந்தப் பக்கம் நிற்பது என்று பெரியவர் எழுந்து நின்று காட்டினார். அந்த நிலையிலேயே செய்கிறேன். ஹப்பாக்கின் குவிமாடங்களுக்கு மேசையில் இடம் போதவில்லை. மேசையை நீட்டும் எண்ணமும் இல்லை.